தொகுப்பிகள் உடனுறைதல்: யூனிக்ஸ் வழங்கிகளில் பெயரும் பதிப்பும்

1. முன்னுரை

மூலமொழி, இலக்குமொழி, இரண்டுக்கும் இடைநின்று பெயர்த்துத் தருபவர் என்னும் மூன்று கூறுகளும் மனித மொழிகளுக்கு மட்டுமே உரியன அல்ல. கணிப்பொறியின் நிரல்மொழிகளிலும் இவை உள்ளன. மனிதர் எழுதிய மூலநிரலைப் பொறி ஏற்று இயங்கத்தக்க இலக்குநிரலாக மாற்றித் தரும் மென்பொருள் தொகுப்பி எனப்படுகிறது. மனித மொழிபெயர்ப்பில் ஒரு நூலுக்குப் பல பெயர்ப்புகள் அடுத்தடுத்துத் தோன்றினாலும் பழையவை நூலகத்தில் நிலைத்து நிற்கும். தொகுப்பிகளின் நிலை அவ்வாறு இல்லை. புதிய பதிப்பை நிறுவியவுடன் பழையது அதே பெயரின் கீழ் அழிந்துபோவதே நெடுங்காலம் இயல்பாக இருந்தது.

பலர் ஒருங்கே பயன்படுத்தும் யூனிக்ஸ் வழங்கியில் இவ்வழிவு ஒருவரோடு முடிவதில்லை. ஒருவர் பத்தாண்டுகளுக்கு முன் எழுதிய நிரல் பழைய தொகுப்பியை வேண்டும். மற்றொருவர் இன்று எழுதும் நிரல் புதிய தொகுப்பியை வேண்டும். இருவரும் ஒரே கட்டளைப் பெயரையே தட்டச்சு செய்வர். ஒரு வழங்கியில் பல தொகுப்பிகளை அருகருகே வாழவைக்க வேண்டும் என்னும் தேவை இங்ஙனம் எழுந்தது. அத்தேவை 1979 முதல் இன்றுவரை எவ்வாறு எதிர்கொள்ளப்பட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. இச்சிக்கல் அடிப்படையில் பெயரிடுதல் பற்றிய சிக்கலே என்பதும், ஒரு மொழிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தொகுப்பிகள் உடனுறைவது வசதிக்காக மட்டுமன்றி நம்பகத்தின் பொருட்டும் இன்றியமையாதது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

2. சொல்லும் பொருளும்

'கம்பைலர்' என்னும் சொல் கணிப்பொறித் துறையில் வழங்கத் தொடங்கியபோது அது மொழிபெயர்ப்பைக் குறிக்கவில்லை. 1952-ஆம் ஆண்டளவில் கிரேஸ் ஹாப்பர் யூனிவாக் பொறிக்கென உருவாக்கிய ஏ-0 என்னும் அமைப்பு, முன்னரே எழுதி வைக்கப்பட்டிருந்த துணைநிரல்களை அவற்றின் எண்களைக் கொண்டு தேடி எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, ஒரு முழுநிரலாகத் தந்தது. பல இடங்களிலிருந்து திரட்டித் தொகுத்தலே அதன் செயல். அதனாலேயே அப்பெயர் அமைந்தது. 1957-இல் ஜான் பேக்கஸின் தலைமையில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ஃபோர்ட்ரான், கணித வாய்பாட்டை ஒத்த மொழியைப் பொறிமொழிக்குப் பெயர்த்தது. தொழில் மாறியது, எனினும் பெயர் மாறவில்லை.

தமிழில் இக்கருத்தைக் குறிக்கத் 'தொகுப்பி' என்றும் 'நிரல்பெயர்ப்பி' என்றும் இரு சொற்கள் வழங்குகின்றன. முன்னது சொல்லின் பிறப்பைப் போற்றுவது. பின்னது இன்றைய தொழிலைச் சுட்டுவது. பின்னதே பொருத்தமானது என முதல் நோக்கில் தோன்றும். ஆயினும் ஈண்டுத் 'தொகுப்பி' என்னும் சொல்லே ஆளப்படுகிறது. தொகுப்பி இன்றும் இரு பணிகளைச் செய்கிறது. மூலநிரலைப் பெயர்ப்பது ஒன்று. பெயர்த்ததனோடு நூலகங்களிலிருந்து எடுத்த துணைநிரல்களை இணைத்து முழுமையாக்குவதற்கு வழிசெய்வது மற்றொன்று. இரு தொகுப்பிகளை அருகருகே நிறுவும்போது எழும் இடர்களில் பெரும்பாலானவை பெயர்த்தலில் தோன்றுவன அல்ல, தொகுத்தலில் தோன்றுவன. இது பின்னர் விளக்கப்படும்.

3. ஏழாம் பதிப்பில் பழையதும் புதியதும்

யூனிக்ஸ் 1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனால் தொடங்கப்பெற்றது. டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய சி மொழியில் அதன் உட்கரு 1973-இல் மீண்டும் எழுதப்பட்டது. அப்போது சி மொழிக்கு இருந்த தொகுப்பி ஒன்றே. அதன் கட்டளைப் பெயர் 'சிசி'. ஒரு மொழி, ஒரு தொகுப்பி, ஒரு பெயர் என்னும் இந்நிலையில் பெயர் இடுகுறியாக நின்றது. அதனைப் பகுத்துப் பொருள் காண வேண்டிய தேவை எவர்க்கும் எழவில்லை.

1979-இல் வெளிவந்த ஏழாம் பதிப்பில் இந்நிலை மாறியது. அதன் கையேட்டில் 'சிசி', 'பிசிசி' என்னும் இரு தொகுப்பிகளும் ஒரே பக்கத்தில் விளக்கப்பட்டுள்ளன. முன்னது ரிட்சியின் தொகுப்பி; பி.டி.பி.-11 பொறிக்கென்றே எழுதப்பட்டது. பின்னது ஸ்டீபன் ஜான்சன் எழுதிய பெயர்வுறு தொகுப்பி. பொறிக்குரிய பகுதியையும் மொழிக்குரிய பகுதியையும் பிரித்து அமைத்தமையால் அதனை வேறு பொறிகளுக்கு எளிதில் கொண்டுசெல்ல முடிந்தது. ஒரே மொழிக்கு இரு தொகுப்பிகள் ஒரே பொறியில் வேறுவேறு பெயர்களோடு வாழ்ந்தமைக்கு இது தெளிவான தொடக்கச் சான்றாகும்.

அதே கையேட்டில் மற்றொரு குறிப்பும் காணப்படுகிறது. 'சிசி' என்பது உண்மையில் ஒரு மேற்பார்வை நிரலே. முன்செயலி, முதற்கட்டப் பகுப்பு, இரண்டாம் கட்ட ஆக்கம், செப்பம் செய்தல் ஆகிய பணிகளைத் தனித்தனி நிரல்கள் செய்தன. 'பி' என்னும் விருப்பக் குறியோடு ஓர் இடப்பெயரைக் கொடுத்தால், வழக்கமான நிரல்களுக்கு மாற்றாக அவ்விடத்தில் உள்ள நிரல்களைச் 'சிசி' அழைக்கும். இடப்பெயரைக் கொடுக்காமல் விட்டால், காப்பாக வைக்கப்பட்டுள்ள பதிப்பை அழைக்கும். தொகுப்பியைத் தொடர்ந்து திருத்திவந்தவர்கள், திருத்தியது பிழைபட்டால் திரும்பிச் செல்லத்தக்க ஒரு பழைய பதிப்பைக் கைவசம் வைத்திருந்தனர் என்பது இதனால் பெறப்படும். தொகுப்பியே தன்னைத் தொகுத்துக்கொள்ளும் மொழியில் இக்காப்பு மிகத் தேவையானது. பிழையுற்ற தொகுப்பி ஒன்றே எஞ்சியிருக்குமானால், அப்பிழையைத் திருத்திய மூலநிரலைத் தொகுப்பதற்கு நம்பத்தக்க கருவி இராது.

4. கிளைமொழிகளும் தேடும் வழியும்

ஏழாம் பதிப்பு தந்த மற்றொரு கருவி 'பாத்' என்னும் சூழல் மாறி. பயனர் ஒரு கட்டளையைத் தட்டச்சு செய்தால், அப்பெயருடைய நிரலை எந்தெந்த அடைவுகளில் எந்த வரிசையில் தேட வேண்டும் என்பதை இம்மாறி கூறும். முதலில் கிடைப்பதே இயக்கப்படும். எனவே ஒரே வழங்கியில் ஒரே நேரத்தில் இருவர் 'சிசி' என்று தட்டச்சு செய்தாலும், அவரவர் தேடல் வரிசைக்கு ஏற்ப இருவேறு தொகுப்பிகள் இயங்கக்கூடும். பல பொருள் ஒரு சொல் என இலக்கண நூலார் கூறும் நிலை இது. பொருளை வரையறுப்பது சொல் அன்று, சூழல்.

அமைப்போடு வந்த நிரல்களை ஓர் அடைவிலும், அந்தந்த நிறுவனத்தார் தாமே சேர்த்த நிரல்களை 'யூஎஸ்ஆர்' அடைவின் கீழுள்ள 'லோக்கல்' என்னும் தனி அடைவிலும் வைக்கும் மரபு பரவியது. வழங்குநர் தந்த தொகுப்பியை அழிக்காமல் வேறொன்றைச் சேர்க்க இது இடமளித்தது.

இவ்வேற்பாட்டின் இன்றியமையாமையை 1989-இல் சி மொழிக்கு வகுக்கப்பட்ட அமெரிக்கத் தேசியத் தரம் உணர்த்தியது. அதற்கு முன்னர், பிரையன் கெர்னிகனும் ரிட்சியும் 1978-இல் எழுதிய நூலே மொழியின் இலக்கணமாகக் கொள்ளப்பட்டது. தரம் வந்தபின் பழஞ்சி, புதுச்சி என இரு கிளைமொழிகள் உருவாயின. அவற்றிடையே உள்ள வேறுபாடு புதிய சொற்களைச் சேர்த்தலோடு நிற்கவில்லை. எழுத்துக்கு எழுத்து ஒன்றேயான தொடர் இரண்டிலும் வேறு பொருள் தந்த இடங்களும் உண்டு. எதிர்மக்குறி ஏற்காத சிற்றெண் வகையைச் சேர்ந்த 5 என்னும் மதிப்பிலிருந்து 10-ஐக் கழித்து, விடை சுழியினும் சிறியதா என வினவும் தொடரை எடுத்துக்கொள்ளலாம். யூனிக்ஸின் பழைய தொகுப்பிகள் பலவற்றில் விடையும் எதிர்மக்குறி ஏற்காததாகக் கருதப்பட்டு மிகப்பெரிய எண்ணாக மாறும். வினாவுக்கு 'இல்லை' என்பதே விடை. சிற்றெண்ணைவிட இயல்பெண் அகலமாக உள்ள பொறிகளில், புதிய தரத்தின்படி விடை –5. வினாவுக்கு 'ஆம்' என்பது விடை. தொகுப்பி எந்தப் பிழையையும் அறிவிக்க வேண்டியதில்லை. பழைய தொகுப்பியை நீக்கிப் புதியதை அதே பெயரில் வைத்தால், பழைய நிரல்கள் ஒரு சொல்லும் மாறாமலேயே பொருள் மாறிவிடும்.

ஆகவே நிறுவனங்கள் இரண்டையும் வைத்துக்கொண்டன. சன் நிறுவனத்தின் சன்ஓஎஸ் 4 வழங்கிகளில், அமைப்போடு வந்த பழஞ்சித் தொகுப்பி 'சிசி' என்றும், தனியே விலைக்கு வாங்கிய தரத்தொகுப்பி 'ஏசிசி' என்றும் வழங்கின; நிறுவனத்தார் சேர்த்த குனூ தொகுப்பி 'ஜிசிசி' என்னும் பெயரில் நின்றது. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஏ.ஐ.எக்ஸ் அமைப்பில் ஒரே தொகுப்பி, அழைக்கப்படும் பெயருக்கு ஏற்ப வேறு கிளைமொழியை ஏற்றது. 1992-இல் போசிக்ஸ் தரம் 'சி89' என்னும் கட்டளைப் பெயரை வகுத்தது; 2001-இல் 'சி99' வந்தது. ஆண்டைப் பெயரிலேயே ஏற்றிய இப்பெயர்கள் இடுகுறி நிலையிலிருந்து காரணப்பெயர் நிலைக்கு நிகழ்ந்த மாற்றத்தைக் காட்டுகின்றன.

1992-இல் வந்த சோலாரிஸ் 2 அமைப்பில் சன் நிறுவனம் தொகுப்பியை அடிப்படை அமைப்பிலிருந்து நீக்கித் தனிப்பொருளாக விற்றது. எனினும் 'சிசி' என்னும் பெயருடைய ஒரு சிறு கோப்பு அங்கு இருந்தது. அதனை இயக்கினால், மொழிக்குரிய மென்பொருள் நிறுவப்படவில்லை என்னும் செய்தி மட்டுமே வரும். பெயர் இருந்தது, பெயரால் குறிக்கப்படும் பொருள் இல்லை. விலைகொடுத்து வாங்க இயலாத பல நிறுவனங்கள் குனூ தொகுப்பியை நாடின. அதனைத் தொகுப்பதற்கும் ஒரு தொகுப்பி தேவையாதலின், பிறர் தொகுத்து வைத்திருந்த இயங்குகோப்புகளைப் பெற்றுத் தொடங்க வேண்டியதாயிற்று.

5. குனூ தொகுப்பியும் பதிப்பெண் அடைவும்

ரிச்சர்டு ஸ்டால்மன் எழுதிய குனூ சி தொகுப்பி 1987-இல் வெளியாயிற்று. பல்வேறு பொறிகளில் பல்வேறு அமைப்புகளின் மேல் நிறுவப்படும் என்னும் எதிர்பார்ப்போடு அது வடிவமைக்கப்பட்டமையால், உடனுறைதல் அதன் அடைவு அமைப்பிலேயே இடம்பெற்றது. உண்மையான பெயர்ப்புப் பணியைச் செய்யும் உள்நிரல், இலக்குப் பொறியின் பெயரும் பதிப்பெண்ணும் கொண்ட அடைவினுள் வைக்கப்பட்டது. 2.7 பதிப்பும் 2.8 பதிப்பும் இதனால் வெவ்வேறு அடைவுகளில் இருந்தன. ஒன்றை நிறுவுவது மற்றொன்றை அழிக்கவில்லை. ஆனால் பயனர் தட்டச்சு செய்யும் 'ஜிசிசி' என்னும் மேற்பார்வை நிரல் ஒன்றே. புதிய பதிப்பு நிறுவப்படும்போது அது மட்டும் மாற்றப்பட்டது. பழைய பதிப்பைக் குறிப்பிட்டு அழைக்க ஒரு விருப்பக்குறி இருந்தது. மேற்பார்வை நிரலும் உள்நிரல்களும் பதிப்புக்குப் பதிப்பு மாறிவந்தமையால் ஒன்றின் மேற்பார்வையில் மற்றொன்று பழுதின்றி இயங்கும் என்னும் உறுதி குன்றியது. அவ்விருப்பக்குறி 2011-இல் வந்த 4.6 பதிப்பில் நீக்கப்பட்டது. மேற்பார்வை நிரலின் பெயரிலேயே பதிப்பெண்ணைப் பின்னொட்டாகச் சேர்க்கும் முறை நிலைபெற்றது.

இத்தொகுப்பியை நிறுவும் முறை உடனுறைதலின் தேவையை நன்கு விளக்குகிறது. முதற்கட்டத்தில், வழங்கியில் ஏற்கெனவே உள்ள தொகுப்பியைக் கொண்டு புதியதன் மூலநிரல் தொகுக்கப்படும். இரண்டாம் கட்டத்தில், அவ்வாறு கிடைத்த தொகுப்பி அதே மூலநிரலை மீண்டும் தொகுக்கும். மூன்றாம் கட்டத்தில், இரண்டாவதாகக் கிடைத்தது மீண்டும் ஒருமுறை தொகுக்கும். இரண்டாம் மூன்றாம் கட்டங்களின் விளைவுகள் ஒத்திருந்தால் மட்டுமே நிறுவுதல் முறையானது எனக் கொள்ளப்படும். பழைய தொகுப்பியின் இயல்புகள் புதியதில் படிந்துவிடாமல் களையும் ஏற்பாடு இது.

2013-இல் வந்த 4.8 பதிப்பிலிருந்து இத்தொகுப்பியைத் தொகுக்கச் சி++ தொகுப்பி தேவையாயிற்று. 2021-இல் வந்த 11-ஆம் பதிப்பிலிருந்து, அச்சி++ தொகுப்பி 2011-ஆம் ஆண்டுத் தரத்தை அறிந்ததாகவும் இருக்க வேண்டும். சி தொகுப்பி மட்டுமே உள்ள ஒரு பழைய வழங்கியில் இன்றைய பதிப்பை மூலநிரலிலிருந்து நிறுவ விரும்புவோர், முதலில் 4.7 பதிப்பையும், அதைக் கொண்டு இடைப்பட்ட ஒன்றையும், அதைக் கொண்டு புதியதையும் தொகுக்க வேண்டும். ஏணியின் கீழ்ப்படிகளை அகற்றியபின் மேற்படிக்கு ஏற வழியில்லை.

6. இலக்குநிரலில் பெயர்த்திரிபு

இரு தொகுப்பிகளை வெவ்வேறு அடைவுகளில் வைத்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது எனக் கருதுவது பொருந்தாது. தொகுப்பி ஆக்கும் இலக்குநிரல் தனித்து இயங்குவதன்று. நூலகத்திலுள்ள துணைநிரல்களைப் பெயர்சொல்லி அழைத்தே அது இயங்குகிறது. அப்பெயர்களை எழுதும் மரபில் தொகுப்பிகள் வேறுபட்டன.

ஃபோர்ட்ரான் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மூலநிரலில் 'சால்வ்' என எழுதப்பட்ட துணைநிரலின் பெயர், யூனிக்ஸ் தொகுப்பிகள் பலவற்றில் ஈற்றில் ஓர் அடிக்கோடு பெற்று இலக்குநிரலில் அமையும். ஐ.பி.எம். நிறுவனத்தின் ஏ.ஐ.எக்ஸ் தொகுப்பி இயல்பாக எதனையும் சேர்ப்பதில்லை. குனூவின் 'ஜி77' தொகுப்பியோ, பெயரினுள் முன்னரே அடிக்கோடு இருப்பின் ஈற்றில் இரண்டைச் சேர்த்தது. ஒரு தொகுப்பியால் ஆக்கப்பட்ட கணித நூலகத்தை மற்றொரு தொகுப்பியால் ஆக்கப்பட்ட நிரல் அழைத்தால், இணைப்பி அப்பெயரைக் காணாது திகைத்து நிற்கும். இது கேடு குறைந்த பிழை, வெளிப்படையாகத் தெரிவது. பெயர் ஒத்து, மதிப்பைத் திருப்பித் தரும் மரபு வேறுபடுமாயின் நிரல் இயங்கும், விடை பிழைபடும். 'ஜி77' தொகுப்பியின் இடத்தில் 2005-இல் 'ஜிஃபோர்ட்ரான்' வந்தபோது, ஒற்றைத் துல்லிய மெய்யெண்ணைத் திருப்பித் தரும் மரபில் இத்தகைய வேறுபாடு இருந்தது. பழைய மரபைப் பின்பற்றுவதற்கென ஒரு விருப்பக்குறியும் உடன் தரப்பட்டது. அறிவியல் கணக்கீட்டு நிலையங்கள் ஒரே கணித நூலகத்தைத் தொகுப்பிக்கு ஒன்றாகப் பலமுறை தொகுத்துத் தனித்தனி அடைவுகளில் வைத்ததன் காரணம் இதுவே.

பியார்னே ஸ்ட்ரவ்ஸ்ட்ரூப் உருவாக்கிய சி++ மொழியில் இச்சிக்கல் மேலும் ஆழமானது. அம்மொழியில் ஒரே பெயருடைய செயற்கூறுகள் பல இருக்கலாம். ஏற்கும் உறுப்புகளின் வகையால் அவை வேறுபடும். எனவே தொகுப்பி, உறுப்புகளின் வகைகளைச் சுருக்கெழுத்துகளாக்கிப் பெயரோடு ஒட்டி, இலக்குநிரலில் ஒரு திரிந்த பெயரை எழுதுகிறது. வேற்றுமை உருபேற்ற பெயர் தொடரில் தன் உறவை வெளிப்படுத்துவது போல, இத்திரிந்த பெயர் தான் ஏற்பனவற்றை வெளிப்படுத்துகிறது. நினைவகத்தில் பொருள்களை அமைக்கும் முறையில் வேறுபடும் தொகுப்பிகள் பெயர்த்திரிபிலும் வேண்டுமென்றே வேறுபட வேண்டும் என்னும் கருத்து 1990-இலேயே முன்வைக்கப்பட்டது. பொருந்தாதவை தவறி இணைந்து மறைவாகக் கெடுவதினும், இணையாமல் நிற்பது நன்று என்பது அதன் அடிப்படை.

இயங்கும்போது இணையும் பகிர்நூலகங்கள் பரவியபின் நூலகத்தின் பெயரும் பதிப்பெண் ஏற்றது. குனூவின் சி++ நூலகம் 2001 முதல் 2004 வரையான காலத்தில் 3, 4, 5, 6 என நான்கு எண்களைக் கடந்தது. எண் வேறாதலின் நான்கும் ஒரே அடைவில் அருகருகே இருக்க முடிந்தது. 2004 முதல் இன்றுவரை 6 என்னும் எண்ணே நிலைத்துள்ளது. புதிய கூறுகள் சேர்க்கப்படும்போது, அந்நூலகத்தினுள் ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனிப் பதிப்புக்குறி இடப்படுகிறது.

7. இல்லாத பதிப்பின் பெயர்: 2000-ஆம் ஆண்டு நிகழ்வு

பெயரிடுதலின் பொறுப்பை உணர்த்தும் நிகழ்வு ஒன்று 2000-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. அதன் முன்வரலாறு சுருக்கமாக அறியத்தக்கது. குனூ தொகுப்பியின் வளர்ச்சி தேக்கமுற்றதாகக் கருதியவர்கள் 1997-இல் ஈ.ஜி.சி.எஸ். என்னும் கிளையைத் தொடங்கினர். 1999-இல் அக்கிளையே அதிகாரப்பூர்வமான தொகுப்பியாக ஏற்கப்பட்டு, அவ்வாண்டு 2.95 பதிப்பு வெளியாயிற்று. அடுத்த பெரும்பதிப்பு ஆக்கத்தில் இருந்தது.

அந்நிலையில், ரெட்ஹாட் நிறுவனம் 2000 செப்டம்பரில் வெளியிட்ட தன் லினக்ஸ் 7.0 தொகுதியில், ஆக்கத்திலிருந்த தொகுப்பியின் ஓர் இடைநிலை வடிவை எடுத்துத் திருத்தி, '2.96' என்னும் எண்ணோடு சேர்த்தது. சி++ தரத்தோடு அது மிகுதியாக இணங்கியது என்பது அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. ஆனால் அத்தகைய பதிப்பை வளர்ச்சிக் குழு வெளியிடவில்லை. அவ்வாண்டு அக்டோபரில், 2.96 என்பது முறையான வெளியீடு அன்று என்றும், அதன் சி++ இலக்குநிரல்கள் 2.95-உடனோ வரவிருக்கும் 3.0-உடனோ இணையா என்றும் குழு அறிவித்தது. குழப்பம் நேராதிருக்கத் தம் ஆக்கநிலை வடிவின் எண்ணை 2.97 என உயர்த்திக்கொண்டது. முறையான 3.0 பதிப்பு 2001 ஜூனில் வெளிவந்தது.

இந்நிகழ்வில் உடனுறைதலும் இடம்பெற்றது. லினக்ஸ் உட்கருவை 2.96 கொண்டு தொகுப்பது ஏற்றதாகக் கருதப்படவில்லை. ஆகவே அதே தொகுதியில் 'கேஜிசிசி' என்னும் பெயரில் பழைய ஈ.ஜி.சி.எஸ். தொகுப்பியும் சேர்த்துத் தரப்பட்டது. பொது நிரல்களுக்கு ஒன்று, உட்கருவுக்கு ஒன்று என இரண்டும் ஒரே வழங்கியில் நின்றன. பழையதைத் தனிப்பெயரிட்டுக் காத்தமையால் உட்கரு பிழைத்தது. ஆனால் புதியதற்கு இட்ட எண், பிறர் வரிசையில் தன்னை ஓர் உறுப்பாகக் காட்டியது. பதிப்பெண் என்பது வெறும் எண் அன்று. இன்னவற்றோடு இணங்கும், இன்னவற்றோடு இணங்காது என்னும் வாக்குறுதி. அவ்வாக்குறுதியைத் தருவதற்கு உரியவர் யார் என்னும் வினாவையே இந்நிகழ்வு எழுப்பியது.

8. உடனுறைதலுக்கு வகுத்த முறைகள்

வழங்கி மேலாளர்கள் இச்சிக்கலுக்குக் கண்ட தீர்வுகள் மூவகைப்படும்.

முதல்வகை, சூழலை மாற்றுவது. 1991-இல் ஜான் ஃபர்லானி விளக்கிய 'மாட்யூல்ஸ்' என்னும் கருவி இதற்கு எடுத்துக்காட்டு. ஒவ்வொரு தொகுப்பியும் தனக்கென ஓர் அடைவில் முழுமையாக இருக்கும். பயனர் ஒன்றைப் பெயரும் பதிப்பெண்ணும் கூறி ஏற்றினால், நிரல்களையும் கையேட்டுப் பக்கங்களையும் நூலகங்களையும் தேடும் வழிகள் அவரது அமர்வுக்கு மட்டும் மாறும். இறக்கினால் பழைய நிலை மீளும். மீக்கணிப்பொறி நிலையங்களில் இம்முறை இன்றும் வழக்கில் உள்ளது. இதன் குறை ஒன்று உண்டு. நிரலைத் தொகுத்தபோது இருந்த சூழலும் இயக்கும்போது உள்ள சூழலும் வேறாயின், நிரல் தனக்கு உரியதல்லாத நூலகத்தைப் பற்றிக்கொள்ளக்கூடும்.

இரண்டாம்வகை, சுட்டும் இணைப்புகளை அமைப்பது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் 'டிப்போ' அமைப்பைப் பின்பற்றி எழுந்த குனூ 'ஸ்டோ' கருவி, தனித்தனி அடைவுகளில் உள்ள நிரல்களுக்குப் பொது அடைவில் இணைப்புகளை மட்டும் வைத்தது. டெபியன் தொகுதியில் தொகுப்பிகள் பதிப்பெண் ஏற்ற முழுப்பெயரோடு நிறுவப்படுகின்றன. 'ஜிசிசி' என்னும் குறும்பெயர் அவற்றுள் ஒன்றைச் சுட்டும் இணைப்பு மட்டுமே. 'சிசி' என்னும் பெயரோ, மாற்றுத்தேர்வு முறையின் வழியே மேலாளர் விரும்பும் தொகுப்பியைச் சுட்டும். ஒருகாலத்தில் ஒரு பொருளின் இயற்பெயராக இருந்த சொல், இங்குச் சுட்டுப்பெயராக மாறியுள்ளது. 'அது' என்னும் சொல்லைப்போல, தனக்கெனப் பொருளின்றி இடம் நோக்கிப் பொருள் தருகிறது. 2013 முதல் ஆப்பிள் நிறுவனத்தின் கருவித்தொகுதியில் 'ஜிசிசி' என்று தட்டச்சு செய்தால் இயங்குவது குனூ தொகுப்பி அன்று. 'கிளாங்' என்னும் வேறொரு தொகுப்பி. பெயர் தன் முதற்பொருளை முற்றிலும் இழந்தும் வழங்குவதற்கு இது சான்று.

மூன்றாம்வகை, பெயரை முழுமையாக்குவது. உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஈல்கோ டோல்ஸ்ட்ரா உருவாக்கி, 2006-இல் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் விளக்கிய 'நிக்ஸ்' முறையில், ஒரு மென்பொருளின் அடைவுப்பெயர் பதிப்பெண்ணோடு நிற்பதில்லை. அதன் மூலநிரல், தொகுத்த தொகுப்பி, சார்ந்த நூலகங்கள், தந்த விருப்பக்குறிகள் ஆகிய அனைத்திலிருந்தும் கணித்தெடுத்த ஒரு நீண்ட குறியீடு பெயரின் முன் அமைகிறது. இவற்றுள் ஒன்று மாறினாலும் பெயர் மாறும். பெயர் மாறுவதால் இரண்டும் மோதுவதில்லை. ஊரும் குலமும் ஆசிரியரும் கூறி ஒருவரை அறிமுகம் செய்யும் முழுப்பெயர் போன்றது இது.

ஒரே நூலகத்தினுள்ளும் உடனுறைதல் நிகழ்ந்தது. 2011-ஆம் ஆண்டுச் சி++ தரம், எழுத்துச்சரங்களைப் பல பெயர்கள் ஒரே படியைப் பகிர்ந்துகொள்ளும் பழைய முறையில் ஆக்குவதற்கு இடமளிக்கவில்லை. 2015-இல் வந்த குனூ 5-ஆம் பதிப்பு, பழைய சரவகையையும் புதியதையும் ஒரே நூலகத்தில் வைத்தது. மூலநிரலில் இரண்டுக்கும் பெயர் ஒன்றே. இலக்குநிரலின் திரிந்த பெயரில் மட்டும் புதியதற்கு ஓர் அடையாளம் சேர்க்கப்பட்டது. முன்னர்த் தொகுக்கப்பட்ட நிரல்கள் மாற்றமின்றி இயங்கின.

9. இரண்டாம் தொகுப்பி என்னும் சாட்சி

இதுவரை கூறியவை வசதி பற்றியன. உடனுறைதலுக்கு வேறொரு காரணமும் உண்டு. கென் தாம்சன் தமக்கு அளிக்கப்பட்ட டூரிங் விருதை ஏற்று ஆற்றிய உரை 1984-இல் அச்சாயிற்று. பயனரின் நுழைவை ஆராயும் நிரலைத் தொகுக்கும்போது அதில் ஒரு கள்ளவழியைச் சேர்க்கும் தொகுப்பியை அவ்வுரையில் அவர் விளக்கினார். அத்தொகுப்பி தன் மூலநிரலையே மீண்டும் தொகுக்கும்போது அக்கள்ளத்தைத் தன் வழித்தோன்றலிலும் சேர்க்கும். அதன்பின் மூலநிரலிலிருந்து அக்கள்ளத்தை அழித்துவிடலாம். மூலத்தை எத்துணை நுணுகிப் படித்தாலும் குற்றம் தெரியாது. குற்றம் மூலத்தில் இல்லை, பெயர்ப்பவரிடம் உள்ளது.

ஒரே தொகுப்பி உள்ள உலகில் இதனைக் கண்டறிவது அரிது. டேவிட் வீலர் 2005-இல் ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டு, 2009-இல் முனைவர் பட்ட ஆய்வேட்டில் விரித்துரைத்த முறை இரண்டாம் தொகுப்பியைத் துணைக்கொள்கிறது. ஐயத்துக்குரிய தொகுப்பியின் மூலநிரலை, அதனோடு தொடர்பில்லாத வேறொரு தொகுப்பியால் முதலில் தொகுக்க வேண்டும். கிடைத்ததைக் கொண்டு அதே மூலநிரலை மீண்டும் தொகுக்க வேண்டும். இவ்வாறு பெற்றதும், ஐயத்துக்குரிய தொகுப்பி தன்னைத்தானே தொகுத்துப் பெற்றதும் ஒரு பிட்டும் பிசகாமல் ஒத்திருப்பின், மூலத்தில் இல்லாத எதுவும் இலக்கில் நுழையவில்லை எனத் துணியலாம். இரண்டாம் தொகுப்பி குறையற்றதாக இருக்க வேண்டும் என்பதில்லை. அதே கள்ளத்தைக் கொண்டிராமல் இருந்தால் போதும். ஒன்றையொன்று பாராது எழுந்த இரு படிகளை ஒப்பிட்டு மூலபாடத்தை நிறுவும் பதிப்பாசிரியரின் முறைக்கு இது நெருங்கிய உறவுடையது. ஒரே ஏட்டிலிருந்து பெயர்த்தெழுதப்பட்ட படிகள் நூறு இருப்பினும் அவை ஒரு சாட்சியே. வேறு வழியில் வந்த ஏடு ஒன்று கிடைத்தால் சாட்சிகள் இரண்டாகும்.

10. முடிவுரை

யூனிக்ஸ் வழங்கிகளில் தொகுப்பிகள் உடனுறைந்த வரலாறு மூன்று நிலைகளைக் காட்டுகிறது. ஒரு பெயர் ஒரு பொருளை இடுகுறியாகக் குறித்தது முதல்நிலை. கிளைமொழியையும் ஆண்டையும் பதிப்பையும் ஏற்றுப் பெயர் காரணப்பெயரானது இரண்டாம் நிலை. முழுப்பெயர் தொகுப்பிக்கு உரியதாகி, குறும்பெயர் சுட்டுப்பெயராக நிற்பது மூன்றாம் நிலை. 'பி' என்னும் ஒரு விருப்பக்குறியின் பின் காப்புப் பதிப்பை வைத்த 1979-ஆம் ஆண்டின் ஏற்பாட்டுக்கும், சார்புகள் அனைத்தையும் பெயரில் ஏற்றும் அண்மைக்கால முறைக்கும் நோக்கம் ஒன்றே: புதியது வரும்போது பழையது அழியாதிருத்தல்.

மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் இவ்வரலாற்றிலிருந்து பெறத்தக்கது ஒன்று உண்டு. எழுத்து மாறாதிருந்தும், பெயர்ப்பவர் மாறியதால் பொருள் மாறிய நிரல்கள் பல. மூலத்தைக் காப்பது மட்டும் மூலத்தின் பொருளைக் காப்பதாகாது. அது எந்தப் பெயர்ப்புக் கருவியை, எந்தப் பதிப்பை நோக்கி எழுதப்பட்டது என்னும் குறிப்பும், இயலுமாயின் அக்கருவியும் உடன் காக்கப்பட வேண்டும். சொற்பகுப்புக்கும் ஒலிபெயர்ப்புக்கும் பொறிமொழிபெயர்ப்புக்கும் எழுதப்படும் நிரல்கள் பெருகிவரும் காலத்தில், அவற்றின் முடிவுகளை மேற்கோளாகக் காட்டும் ஆய்வுகள் நிரலின் பெயரோடு அதனைத் தொகுத்த கருவியின் முழுப்பெயரையும் பதிவுசெய்தல் வேண்டும். அப்பதிவு இல்லாதவிடத்து, பின்வருவோர் அதே நிரலை இயக்கி வேறு விடை பெறின், பிழை நிரலில் உள்ளதா, தொகுப்பியில் உள்ளதா என ஆராய்வதற்கு வழி இராது.